இன்டியானா 11-2: சிக்னெட்டியின் முதல் சீசனைப் பற்றிப் பேசுவோம்

பதினேழாம்தெரு | டிசம்பர் 21, 2024

நேற்று இரவு சவுத் பெண்டில் எங்கள் இன்டியானா பல்கலைக்கழக ஃபுட்பால் அணி நோட்டர் டேமிடம் 27-17 என்று தோற்றது. ஸ்கோரைப் பார்த்தால் நெருக்கமான ஆட்டம் போலத் தெரியும். கடைசி ஒன்றரை நிமிடத்தில்தான் நாங்கள் இரண்டு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டோம், அதுவரை 27-3. குளிரில் நின்று பார்த்துவிட்டு விடிகாலையில் ப்ளூமிங்டன் வந்து சேர்ந்தேன். தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த இழை.

இங்கே அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களும் இருப்பீர்கள், அதனால் கொஞ்சம் பின்கதை. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்மட்டத்தில் வரலாற்றிலேயே அதிகத் தோல்விகளைச் சேர்த்து வைத்திருக்கும் அணி இன்டியானா. எங்கள் லீக்கான பிக் டென்னின் பட்டத்தைக் கடைசியாக வாங்கியது 1967-இல், அதுவும் பங்குபோட்டு. ஒரு சீசனில் 10 வெற்றி என்பதை இந்த அணி இந்த வருடம்தான் முதன்முறையாகப் பார்த்தது. 2023-இல் 3 வெற்றி, 9 தோல்வி. பழைய கோச் டாம் ஆலனை அனுப்பி வைக்க மட்டும் 1.55 கோடி டாலர் கொடுத்தார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர்தான் கர்ட் சிக்னெட்டி. வந்த புதிதில், 2023 டிசம்பரில், உங்களை நம்பி எப்படி மாணவர்கள் வருவார்கள் என்ற கேள்விக்கு, "நான் ஜெயிப்பேன், கூகுள் பண்ணிப் பாருங்கள்" என்றார். அப்போது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயிக்கும் பேச்சை இந்த ஊர் நிறையக் கேட்டிருக்கிறது.

பத்து வருடமாக மெமோரியல் ஸ்டேடியத்துக்குப் போகிறேன். இங்கே சனிக்கிழமை என்றால் பார்க்கிங் புல்வெளியில் அடுப்பு மூட்டி, பந்து வீசி விளையாடி, மதியம் முழுவதும் அங்கேயே இருப்பது. உள்ளே வருபவர்களும் இடைவேளைக்கு வெளியே போனால் திரும்ப மாட்டார்கள். மூன்றாம் கால்பகுதியில் என் வரிசையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. இந்த அக்டோபரில் நெப்ராஸ்காவை 56-7 என்று அடித்தபோது, ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரிந்தும் கடைசி நிமிடத்தில் என் வரிசை நிறைந்திருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சுலபமான எதிரிகள் கிடைத்ததால் வந்த அதிர்ஷ்டம் இல்லை இது. தன் வேலை என்னவென்று ஏற்கெனவே தெரிந்த ஆட்களைக் கொண்டுவந்து கட்டிய அணி. அதனால்தான் நிலைக்கும் என்று நம்புகிறேன். மறுக்கிறவர்கள் வாருங்கள்.

---

கொலம்பஸ்வாசி | டிசம்பர் 21, 2024

வாழ்த்துகள் அண்ணா, மனதாரச் சொல்கிறேன். 11 வெற்றி எந்த ஊரிலும் 11 வெற்றிதான். ஆனால் மறுக்கிறேன்.

தோற்ற அந்த 11 அணிகள் எவை என்று பாருங்கள். ஃப்ளோரிடா இன்டர்நேஷனல், கீழ்ப்பிரிவிலிருந்து வந்த வெஸ்டர்ன் இல்லினாய், ஷார்லட். அப்புறம் பிக் டென்னில் அடிமட்டத்தில் கிடந்த பர்ட்யூ, நார்த்வெஸ்டர்ன். ஆடும் நேரத்தில் முதல் 25-இல் இருந்த ஒரு அணியைக்கூட இன்டியானா தோற்கடிக்கவில்லை. உண்மையான சோதனை இரண்டே இரண்டு: எங்கள் ஒஹாயோ ஸ்டேட், நேற்று நோட்டர் டேம். இரண்டிலும் தோல்வி.

நவம்பர் 23 அன்று கொலம்பஸில் மைதானத்தில் இருந்தேன். முதல் டச்டவுன் உங்களுடையது, அதை நான் மறுக்கவில்லை. அதன் பிறகு உங்கள் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் ரூர்க்குக்கு மூச்சு விட நேரமில்லை. ஐந்து முறை கீழே தள்ளினார்கள். மொத்த ஆட்டத்திலும் இன்டியானா நகர்ந்தது 151 கஜம். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பெரிய உடம்புக்காரர்களின் பலம்தான் இந்த ஆட்டத்தின் அஸ்திவாரம், அங்கே உங்களுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு படி வித்தியாசம் இருந்தது. 38-15 என்பது அந்த ஒரு படிதான்.

---

ஆன்ஆர்பர்_மாமா | டிசம்பர் 21, 2024

பலவீனமான எதிரிகள் என்ற பட்டியலில் எங்கள் மிச்சிகனையும் சேர்க்காமல் விட்டதற்கு நன்றி தம்பி! இந்த வருடம் நாங்கள் பலவீனமாகத்தான் இருந்தோம், ஒத்துக்கொள்கிறேன். போன ஜனவரியில் தேசியப் பட்டம் ஜெயித்த கோச்சும் குவாட்டர்பேக்கும் போய்விட்டார்கள்.

இருந்தாலும் ஒன்று கவனியுங்கள். போன சீசனின் ஃபைனலில் ஆடியது மிச்சிகனும் வாஷிங்டனும். அந்த இரண்டு அணிகளையும் இந்த வருடம் இன்டியானா ஜெயித்தது. பலம் குறைந்திருந்தாலும், இன்டியானாவிடம் தோற்பது எங்களுக்குப் பழக்கமில்லாத விஷயம்.

நவம்பர் 9 ஆட்டத்துக்கு நான் ப்ளூமிங்டன் வந்திருந்தேன். இடைவேளையில் 17-3. இரண்டாம் பாதியில் உங்கள் அணியால் நகரவே முடியவில்லை. நாங்கள் 17-15 வரை வந்தோம், டச்டவுனுக்குப் பின் கிடைக்கும் இரண்டு புள்ளி முயற்சியில் சமன் செய்திருக்கலாம், அது கைகூடவில்லை. முன்பிருந்த இன்டியானா அந்த ஆட்டத்தைக் கண்டிப்பாகத் தோற்றிருக்கும். எனக்கு நாற்பது வருடப் பழக்கம், அந்தத் தோல்வி எப்படி வரும் என்று மனப்பாடமாகத் தெரியும்: ஒரு பந்து கைநழுவும், ஒரு அபராதம் விழும், முடிந்தது. அன்று அது வரவில்லை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல் ஒன்று அடித்து 20-15 என்று முடித்துக்கொண்டு போனார்கள். அந்த கோச் முகத்தில் அப்போதும் சிரிப்பில்லை. 56-7 ஜெயித்த அன்றும் அதே முகம்தான் என்று என் பையன் சொன்னான்.

---

புதுப்பார்வையாளர் | டிசம்பர் 22, 2024

நான் இந்த ஆகஸ்டில்தான் இங்கே முதுகலை படிக்க வந்தேன். கிரிக்கெட் மட்டும் தெரியும். ரூம்மேட் இழுத்துக்கொண்டு போனதில் பழகிவிட்டது. பதினேழாம்தெரு அண்ணா, ஒரு சந்தேகம். 3-9 என்று கிடந்த அணி ஒரே வருடத்தில் எப்படி 11-2 ஆகும்? ஐபிஎல் மாதிரி ஏலம் இருக்கிறதா? மாணவர்கள்தானே விளையாடுகிறார்கள்?

---

பதினேழாம்தெரு | டிசம்பர் 22, 2024

நல்ல கேள்வி தம்பி, விரிவாகவே சொல்கிறேன். கொலம்பஸ்வாசிக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது.

ஏலம் கிடையாது. ஆனால் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று உண்டு. வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும் வீரர் அதில் பெயர் கொடுத்தால் மற்ற கோச்சுகள் அவரிடம் பேசலாம். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும், இப்போது உடனே ஆடலாம். 2021 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் அனுமதி உண்டு. ஆகவே ஒரு வருடத்தில் அணியையே மாற்ற முடியும். எல்லோரும்தான் மாற்றுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது கைகூடுவதில்லை.

சிக்னெட்டி என்ன செய்தார்? அதற்கு முன் ஐந்து வருடம் வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்தவர். அங்கே 52 வெற்றி, 9 தோல்வி. அங்கிருந்து 13 பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாக்குதலைப் பார்த்துக்கொள்ளும் மைக் ஷனஹன், தற்காப்பைப் பார்த்துக்கொள்ளும் பிரையன்ட் ஹெய்ன்ஸ் என்று உதவி கோச்சுகளும் பழைய ஆட்களே. புது இடத்துக்குக் குடிபோகும்போது அடுப்பு, பாத்திரம், சமையல்காரர் எல்லோரையும் சேர்த்துக் கொண்டுவந்தது போல. முதல் நாளே சமையல் நடந்தது.

அந்த 13 பேரில் மிக்கைல் கமாரா இந்த சீசனில் எதிரணி குவாட்டர்பேக்குகளை 10 முறை வீழ்த்தினார். எலைஜா சாரட் 957 கஜம் பந்து பிடித்து ஓடினார். ஏய்டன் ஃபிஷர் நடுவில் நின்று தற்காப்பையே நடத்தினார். டி'ஏஞ்சலோ பாண்ட்ஸ் என்று ஒரு கார்னர்பேக் (பந்து பிடிக்க ஓடும் எதிரணி ஆட்களைத் தடுப்பவர்), உயரம் வெறும் 5 அடி 9 அங்குலம். பெரிய கல்லூரிகள் உயரத்தைப் பார்த்தே தள்ளிவிடுவார்கள்.

அக்டோபர் 26-ஐ மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல ஆசை. அன்று ஈஎஸ்பிஎன் டிவியின் கல்லூரி ஃபுட்பால் நிகழ்ச்சியான கேம்டே எங்கள் ஊருக்கு வந்தது. 1973 முதல் 1982 வரை இங்கே கோச்சாக இருந்த லீ கோர்சோ அந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். இருட்டில் எழுந்து போனேன், எனக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். முந்தைய வாரம்தான் ரூர்க் பந்து எறியும் கையின் கட்டைவிரலில் அடிபட்டிருந்தது, வாஷிங்டனுக்கு எதிராக ஆடவில்லை. அவருக்குப் பதில் டேவன் ஜாக்சன். ஊரே பயந்து போயிருந்தது. முதல் கால்பகுதியிலேயே பாண்ட்ஸ் பந்தை இடைமறித்தார், 67 கஜம் ஓடிப்போய் டச்டவுன். அவர் எங்கள் பக்கமாக ஓடிவந்தபோது முழங்கால்கள் எவ்வளவு உயரம் எழுந்தன என்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. முன் வரிசையில் எப்போதும் வாய் திறக்காமல் ரேடியோ கேட்டுக்கொண்டே பார்க்கும் ஒரு பெரியவர், காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். 31-17 என்று ஜெயித்தோம்.

நான் அதிர்ஷ்டத்தை ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். முக்கியமான ஆள் இல்லாத நாளிலும் அந்த அணி அதே மாதிரி ஆடியது.

கோச்சைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 2007 முதல் 2010 வரை அலபாமாவில் புகழ்பெற்ற கோச் நிக் சேபனிடம் உதவியாளராக இருந்தவர். சேபனிடம் இருந்து நேராகப் பெரிய பதவிக்குப் போயிருக்கலாம். இவர் 49 வயதில் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஹெட் கோச்சாகப் போனார். அந்தக் கல்லூரி இருக்கும் ஊரின் பெயரும் இன்டியானாதான்! இவர் அப்பா ஃபிராங்க் சிக்னெட்டி ரொம்ப காலம் கோச்சாக இருந்து பேர் வாங்கிய இடம் அது. அங்கிருந்து ஈலான், அப்புறம் ஜேம்ஸ் மேடிசன். எங்குமே ஒரு சீசன்கூட தோல்வி அதிகமாகி முடிந்ததில்லை. படிப்படியாக ஏறி வந்த மனிதர். 62 வயதில் முதன்முறையாகப் பெரிய லீக்கில் ஒரு அணி அவர் கைக்கு வந்தது.

---

பழைய_ஹூஸியர் | டிசம்பர் 23, 2024

தம்பி, உங்கள் சந்தோஷம் எனக்கும் உண்டு. நானும் என் கணவரும் ப்ளூமிங்டனில் படித்தவர்கள், எங்கள் பெண்ணும் அங்கேதான். ஆனால் 2020-ஐ யாரும் சொல்லவில்லையே.

அந்த வருடம் பென் ஸ்டேட்டுக்கு எதிராக, கூடுதல் நேரத்தில், அப்போதைய எங்கள் குவாட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் கையை நீட்டி கோட்டின் ஓரக் கம்பத்தைத் தொட்டார். 36-35. பந்து கோட்டைத் தொட்டதா என்று நாட்டில் பாதிப் பேர் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்த சீசன் 6-2 என்று முடிந்தது. அப்போதும் இதே மாதிரிதான் பேசினோம், காலம் மாறிவிட்டது என்று. அப்போதைய கோச் ஆலனுக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். அடுத்த வருடம் 2-10. அதற்கடுத்து 4-8. அப்புறம் 3-9. பெனிக்ஸ் வாஷிங்டன் போய், மாமா சொன்ன அந்த ஃபைனல் வரை அந்த அணியைக் கூட்டிச் சென்றார்.

இப்போதும் சிக்னெட்டிக்கு நவம்பரில் எட்டு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு 80 லட்சம் டாலர். எனக்குப் பயம் இருக்கிறது. அன்பு இருக்கிற இடத்தில்தான் இந்தப் பயமும் வரும்.

ஒரே ஒரு நாள் மட்டும் பயப்படாமல் பார்த்தேன். நவம்பர் 30, பர்ட்யூவுடன் 66-0. மூன்று வருடமாக அந்தப் பழைய ஓக் மர வாளி அவர்களிடம் இருந்தது. புதியவர்களுக்குச் சொல்கிறேன்: இன்டியானா-பர்ட்யூ ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு 1925 முதல் கொடுக்கும் கோப்பை இந்த வாளி. ஜெயிக்கிறவர் தங்கள் எழுத்தை ஒரு உலோக வளையமாக வாளியின் சங்கிலியில் கோர்ப்பார்கள். எங்களுக்கு ஐ, அவர்களுக்கு பி. சங்கிலியில் எத்தனை பி தொங்குகிறது என்று என் பெண் சின்ன வயதில் எண்ணுவாள், பாதியில் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். இந்தத் தடவை மைதானத்தில் பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் எனக்கு போன் செய்தாள். இரண்டு பேருமே ஒன்றும் பேசவில்லை.

---

கொலம்பஸ்வாசி | டிசம்பர் 23, 2024

அக்கா சொன்ன 2020 விஷயம்தான் நான் சொல்ல வந்ததும்.

இன்னொன்று. கோச்சையே விமர்சிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. நோட்டர் டேம் ஆட்டத்தில் நான்காம் கால்பகுதி, 20-3 பின்தங்கியிருக்கிறீர்கள். பந்து அவர்கள் பாதிக்குள் வந்துவிட்டது. நான்காவது, அதாவது கடைசி முயற்சி, பந்தைத் தக்கவைக்க 11 கஜம் வேண்டும். அந்த இடத்தில் பந்தை உதைத்து எதிரியிடம் கொடுத்தார் சிக்னெட்டி. 17 புள்ளி பின்னால் இருக்கும்போது, சீசனே முடியப்போகும் நேரத்தில், யாராவது அப்படிச் செய்வார்களா? சீசன் முழுக்கத் தைரியமாகப் பேசிய மனிதர். ஆட்டத்துக்கு முன் டிவியில் பேசிய பேச்சுக்கும் ஆட்டத்தில் எடுத்த அந்த முடிவுக்கும் பொருத்தமே இல்லை.

---

பதினேழாம்தெரு | டிசம்பர் 24, 2024

அந்த பண்ட், அதாவது பந்தை உதைத்துக் கொடுத்தது, தப்புதான். நான் அங்கேயே கத்தினேன். என்ன காரணம் சொன்னாலும் எனக்கு ஒப்பவில்லை. தோற்றாலும் முயன்று தோற்றிருக்கலாம்.

ஆனால் ஆட்டம் அங்கே போகவில்லை, முதல் கால்பகுதியிலேயே போய்விட்டது. பாண்ட்ஸ் இடைமறித்துப் பந்தைக் கொடுத்தார், கோல் பக்கம் வரை வந்தோம், அங்கே ரூர்க் எறிந்ததை சேவியர் வாட்ஸ் பிடித்துக்கொண்டார். சரி, அவர்கள் தங்கள் கோல் வாசலில், 2 கஜக் கோட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், அடுத்த பந்திலேயே ஜெரமாயா லவ் 98 கஜம் ஓடினார். ஏழு புள்ளி எங்களுக்கு வர வேண்டிய நேரத்தில் அவர்களுக்குப் போனது. கொலம்பஸிலும் அப்படித்தான். 7-7 என்று நிற்கும்போது பண்ட் அடிக்க வேண்டியவர் கையில் பந்து நிற்கவில்லை, 14-7. இடைவேளை முடிந்ததும் ஒஹாயோ ஸ்டேட்டின் கேலப் டவுன்ஸ் பண்டைப் பிடித்து 79 கஜம் ஓடி 21-7. முன்வரிசையில் ஒரு படி குறைவு என்று நீங்கள் சொன்னது சரி. அதோடு இந்தச் சின்னச் சின்னத் தவறுகளும் சேர்ந்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும்.

அக்காவின் பயத்துக்கு என் பதில்: 2020 அணி ஒரு அபூர்வமான குவாட்டர்பேக்கின் காலில் நின்றது. அவருக்கு அடிபட்டதும் சரிந்தது. இது பலர் தோளில் நிற்கிறது.

---

ஆன்ஆர்பர்_மாமா | ஜனவரி 22, 2025

இந்த இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். மன்னிக்கவும், இரண்டு செய்தி வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலாவது. ரூர்க்குக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஏசிஎல் தசைநார் ஆகஸ்டிலேயே, சீசன் தொடங்கும் முன்பே கிழிந்திருக்கிறது. அதோடுதான் முழு சீசனும் ஆடியிருக்கிறார். 3,042 கஜம், 29 டச்டவுன். கிழிந்த முழங்காலோடு! மருத்துவரான என் மகளிடம் கேட்டேன், நேராக ஓடுவதை எப்படியோ சமாளிக்கலாம், ஆனால் திடீரென்று திரும்பும்போது முழங்கால் நழுவும் என்றாள். கொலம்பஸில் ஐந்து முறை அவரைத் தள்ளிய காட்சியை இப்போது நினைத்தால் மனம் பதறுகிறது.

இரண்டாவது. போன திங்கள்கிழமை தேசிய ஃபைனல். ஒஹாயோ ஸ்டேட் 34, நோட்டர் டேம் 23. இன்டியானா இந்த வருடம் தோற்றது இரண்டே அணிகளிடம். அந்த இரண்டும்தான் ஃபைனலில் ஆடின.

---

கொலம்பஸ்வாசி | ஜனவரி 22, 2025

மாமா, பட்டம் ஜெயித்த சந்தோஷத்தில் இருக்கிறேன், ஆனாலும் நேர்மையாகச் சொல்கிறேன். முழங்கால் விஷயம் எனக்குத் தெரியாது. ரூர்க்கால் ஓட முடியவில்லை என்று அன்று மைதானத்தில் நானும் கத்தினேன். இப்போது வருத்தமாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு என் மரியாதை.

"எதிரிகள் சுலபம்" என்ற வாதத்தைப் பாதி திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மீதிப் பாதி அடுத்த சீசன் அட்டவணையைப் பொறுத்தது.

---

புதுப்பார்வையாளர் | ஜனவரி 23, 2025

அடுத்த சீசனில் யார் குவாட்டர்பேக்? ரூர்க் படிப்பை முடித்துவிட்டாரே. நான் இப்போதே டிக்கெட்டுக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

---

பதினேழாம்தெரு | ஜனவரி 23, 2025

கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து ஃபெர்னாண்டோ மெண்டோசா வருகிறார் தம்பி. அவருடைய தம்பி அல்பெர்ட்டோ ஏற்கெனவே இங்கே குவாட்டர்பேக் வரிசையில் இருக்கிறார். அண்ணன் தம்பி ஒரே அறையில் உட்கார்ந்து ஆட்டப் படம் பார்ப்பார்கள் என்று நினைத்தாலே நன்றாக இருக்கிறது. கமாரா, ஃபிஷர், சாரட், பாண்ட்ஸ் நால்வருமே திரும்பி வருகிறார்கள்.

கொலம்பஸ்வாசி, அட்டவணை கேட்டீர்கள். வீட்டில் இல்லினாய், மிச்சிகன் ஸ்டேட், யூசிஎல்ஏ, விஸ்கான்சின். வெளியூரில் ஐயோவா, ஓரிகன், மேரிலேண்ட், பென் ஸ்டேட், பர்ட்யூ. ஓரிகன் இந்த வருட பிக் டென் சாம்பியன். இதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா சொல்லுங்கள்.

அக்கா, வாளி இன்னும் ப்ளூமிங்டனில்தான் இருக்கிறது. உங்கள் பெண் இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், சங்கிலியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

---

பழைய_ஹூஸியர் | ஜனவரி 23, 2025

மார்ச் விடுமுறைக்கு வருகிறாள் தம்பி. இந்தத் தடவை முழுக்க எண்ணிவிட்டுத்தான் கிளம்புவாளாம்.